ஏழாம் கேட்டில் ஐம்பத்திரண்டு நிமிடங்கள்

இந்த ஊரை ரயில்தான் பெற்றுப்போட்டது. அதற்கு முன்னால் இங்கே ஒரு குளமும், குளத்தைச் சுற்றிக் கொஞ்சம் கோரைப்புல்லும், அதைத் தாண்டிப் போகிற ஒரு வண்டிப்பாதையும் தவிர வேறெதுவும் கிடையாது. சமவெளியிலிருந்து மேட்டுக்கு ஏறிவந்த கரி இன்ஜின்களுக்குப் பாதி வழியில் தாகம் எடுத்தது. தாகம் எடுத்த இடத்தில் குளம் இருந்தது. குளக்கரையில் ஒரு தொட்டியைக் கட்டினார்கள். தொட்டியைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை வைத்தார்கள். ஆளுக்கு ஒரு வீடு வேண்டியிருந்தது, வீட்டுக்கு ஒரு பெண் வேண்டியிருந்தது. இப்படித்தான் ஸ்டேஷன் வந்தது, இருபத்திரண்டு குவார்ட்டர்ஸ் வந்தது, ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரு பள்ளிக்கூடம் வந்தது, எதைக் கேட்டாலும் நாளைக்கு வரும் என்று சொல்கிற ஒரு கடையும் வந்தது. கரி இன்ஜின்கள் போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இப்போது ஓடுகிற இன்ஜின் எதுவும் குளத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனாலும் ஊர் கலையவில்லை. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தே பழகிவிட்டது.

வண்டிப்பாதை ரயிலைவிட மூத்தது. தண்டவாளம் போட வந்தவர்கள் அதை ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே குறுக்கே வெட்டிக்கொண்டு போயிருப்பார்கள். ஆனால் நடுவில் ஒரு கரும்பாறை படுத்துக் கிடந்தது. உளி வைத்துப் பார்த்து, வெடி வைத்துப் பார்த்து, கடைசியில் பாறையிடம் தோற்றுப்போய், தண்டவாளத்தைப் பெரிய வளைவாக வளைத்தார்கள். அதனால் தண்டவாளமும் சாலையும் சந்திக்கிற இடம் ஸ்டேஷனிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, பாறைக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. அதுதான் ஏழாம் நம்பர் கேட். ஸ்டேஷனிலிருந்து பார்த்தால் கேட் தெரியாது. கேட்டிலிருந்து பார்த்தால் ஸ்டேஷன் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு டெலிபோன் கம்பி.

அந்தக் கம்பியில் ஒரு வேடிக்கை உண்டு. ஏழாம் கேட், எட்டாம் கேட், ஒன்பதாம் கேட் மூன்றுக்கும் அது ஒன்றே. ஸ்டேஷன் ஒரு கேட்டோடு பேசும்போது மற்ற இரண்டு கேட்டிலும் யாராவது ரிசீவரை எடுத்தால் எல்லாம் காதில் விழும். எடுக்கக் கூடாது என்று சட்டம். எடுக்காமல் இருக்கிற அளவுக்கு இங்கே யாருக்கும் பொழுது போவதில்லை.

ஏழாம் கேட்டில் பகல் வேலை பார்ப்பவளை ஊரே கேட்டக்கா என்றுதான் கூப்பிட்டது. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவள் பிறந்தது கேட்டுக்குப் பின்னால் இருக்கிற இரண்டறை வீட்டில். அப்பா அதே கேட்டில் இருபத்தாறு வருடம் சக்கரம் சுற்றியவர். ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் அவர் போய்ச் சேர்ந்ததும், பத்தொன்பது வயதில் வேலை இவள் கைக்கு வந்தது. சக்கரத்தை இருபத்திரண்டு சுற்றுச் சுற்றினால் கேட்டின் இரண்டு கைகளும் இறங்கிவிடும். பதினெட்டாவது சுற்றில் ஒரு இடறல் இருக்கும். புது ஆள் அங்கே நின்றுவிடுவான். அவளுக்கு அந்த இடறல் வருவதற்கு முன்பே தோள் தானாகக் கொஞ்சம் சாய்ந்துகொள்ளும்.

வேலை என்னவோ இதுதான். ரயில் கிளம்புவதற்கு முன்னால் ஸ்டேஷன் மாஸ்டர் டெலிபோனில் வண்டியைச் சொல்வார். அவள் கேட்டை மூடிப் பூட்டிவிட்டு வந்து, ஒரு நம்பர் சொல்வாள். ஒவ்வொரு கேட்டிலும் அச்சடித்த தாள் ஒன்று இருக்கும். அதில் முன்னும் பின்னுமாக இரண்டிலக்க எண்கள். வரிசைப்படி ஒன்றைச் சொல்லி அடித்துவிட வேண்டும். அடுத்த எண் என்னவென்று அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. அந்த எண் தன் புத்தகத்தில் ஏறிய பிறகுதான் மாஸ்டர் சிக்னலைத் தொடலாம். அதேபோல, நம்பர் கொடுத்துவிட்டால் ரயில் போகும்வரை அவளும் கேட்டைத் திறக்க முடியாது. சாவி அவள் இடுப்பிலேயே இருந்தாலும் முடியாது. மாஸ்டர் கூப்பிட்டு, வண்டி வரவில்லை, திற என்று சொன்னால்தான் உண்டு.

அவள் கல்யாணமும் இந்த நம்பரில்தான் நடந்தது. பதிமூன்று வருடத்துக்கு முன்னால் இருபத்தேழு வயதில் ஒரு மாஸ்டர் இந்த ஸ்டேஷனுக்கு வந்தார். எட்டு மாதம் ஒரு பெண் குரல் தினமும் பதினான்கு தடவை அவருக்கு ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டது. நாற்பத்தொன்று. எழுபத்தாறு. பதினெட்டு. ஒன்பதாவது மாதம், கேட் டெலிபோனின் பேட்டரியைச் சோதிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு அவர் பாறையைச் சுற்றி சைக்கிளில் வந்தார். பேட்டரியைச் சோதிப்பது மாஸ்டர் வேலையல்ல. அது அவளுக்கும் தெரியும். எல்லாருக்கும் முன்னால் அந்தச் சேதி தெரிந்தது எட்டாம் கேட்டுக்காரருக்கு. அவருக்குத் தீராத இருமல் உண்டு. ரிசீவரை எடுத்தால் மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார், இருமலை மட்டும் அடக்க முடியாது. அவர்கள் இருவரும் பேசிய முதல் சொந்தப் பேச்சுக்கு நடுவிலேயே அந்த இருமல் வந்துவிட்டது.

கல்யாணத்துக்குப் பிறகு மாஸ்டர், ஸ்டேஷனை ஒட்டிய பெரிய குவார்ட்டர்ஸை விட்டுவிட்டு கேட் வீட்டுக்கே குடிவந்தார். ஒரு மகள் பிறந்தாள். பதினோரு வயது. இங்குள்ள பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு டவுன் பள்ளிக்கூடத்துக்கு வேனில் போய்வருகிறாள்.

இவ்வளவு நன்றாக இருந்த வீட்டில்தான் ஒன்பது நாளாகப் பேச்சில்லை.

துவைக்க எடுத்த சட்டைப் பையில் ஒரு தாள் கிடைத்தது. பெரிய ஜங்ஷனுக்கு இடமாற்றம் கேட்டு மாஸ்டர் போட்ட மனுவின் நகல். கீழே அவருடைய கையெழுத்து. நடுவில், மனைவி கேட் கீப்பர் என்றும், அவளையும் அதே ஜங்ஷனில் ஏதாவது ஒரு வேலைக்கு மாற்றித் தரவேண்டும் என்றும் இருந்தது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்குப் படித்ததும் புரிந்துவிட்டது. டவுன் பள்ளிக்கூடத்தைப் பற்றி அவர் கொஞ்ச நாளாகக் குறைபட்டுக்கொண்டிருந்தார். மகளைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக, அப்பா விட்டுப்போன வீட்டையும் வேலையையும் சேர்த்து எழுதிக்கொடுத்துவிட்டார்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் அந்தத் தாளை அவருக்கு எதிரே வைத்தாள். அவர் பார்த்தார். சொல்லணும்னுதான் இருந்தேன் என்றார். அதற்கு மேல் அவர் வாயிலிருந்து எதுவும் வரவில்லை. அவள் வாயும் அத்தோடு மூடிக்கொண்டது.

ஒரே அடுப்பு, ஒரே விளக்கு, நடுவில் மகள். அம்மா உப்பு கேட்டாள், அப்பா சோப்பு கேட்டார் என்று அவள் இரண்டடித் தூரத்துக்குத் தபால் கொண்டுபோனாள். இரண்டு நாள் விளையாட்டாக இருந்தது. மூன்றாம் நாள் எனக்குக் கால் வலிக்குது என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள். ஆனால் வீட்டில் பேசாமல் இருக்கலாம், வேலையில் முடியாதே. தினமும் பதினான்கு தடவை டெலிபோன் மணி அடித்தது.

"ஏழாம் கேட். கீழே போற பாசஞ்சர்."

"மூடியாச்சு. ஐம்பத்தெட்டு."

முன்பெல்லாம் நம்பருக்கும் ரிசீவர் வைப்பதற்கும் நடுவில் ஒரு மூச்சு இடைவெளி இருக்கும். சாப்பிட்டியா, பாப்பா வந்துட்டாளா என்று ஏதாவது ஒன்று அந்த இடைவெளியில் நுழைந்துவிடும். இப்போது ஐம்பத்தெட்டு முடிவதற்குள் டக்கென்று வைக்கிற சத்தம். எட்டாம் கேட்டும் ஒன்பதாம் கேட்டும் அந்த டக்கை வைத்தே சண்டையின் நிலவரத்தைக் கணித்துக்கொண்டிருந்தன. இன்னைக்குக் கொஞ்சம் மெதுவா வச்சா என்று எட்டாம் கேட்டுக்காரர் ஐந்தாம் நாள் தன் மனைவியிடம் சொன்னாராம். அது கை வழுக்கியதுதான்.

பத்தாம் நாள் மதியம் காற்று கிளம்பியிருந்தது. குளம் வற்றும் காலத்தில் அடிக்கிற வறண்ட காற்று. கேட்டின் கைகளில் தொங்கும் தகடுகள் கலகலவென்று ஆடிக்கொண்டிருந்தன. கேட்டக்கா மதியச் சாப்பாட்டுக்கு அவித்த உருளைக்கிழங்கை வெங்காயத்தோடு தாளித்து வைத்துவிட்டு, கேபினில் உட்கார்ந்து பச்சைக் கொடியின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தாள். மூன்று மணி எட்டு நிமிடத்துக்கு மணி அடித்தது. மேலே போற கூட்ஸ் என்றார் மாஸ்டர். அவள் மூடினாள், பூட்டினாள், முப்பத்தேழு என்றாள், வைத்தாள்.

கூட்ஸ் ஒன்பது நிமிடத்தில் வந்துவிடும். தண்டவாளத்தில் முதலில் ஒரு சீறல் கேட்கும். பிறகு பாறைக்கு அந்தப் பக்கம் ஹாரன். ஒன்பது நிமிடம் ஆயிற்று. சீறல் இல்லை. பதினைந்து ஆயிற்று. வழக்கமாக ஐந்து நிமிடம் தாமதித்தாலே அவள் டெலிபோன் கைப்பிடியைச் சுற்றி, என்னங்க, வண்டி எங்க என்று கேட்டுவிடுவாள். இன்று கை அதுவரைக்கும் போய்த் திரும்பிவிட்டது. சொல்ல வேண்டியவர் அவர். தெரிந்தவர் அவர். வண்டி வராது என்றால் கூப்பிட்டு வராது என்று சொல்லட்டும். இந்தத் தடவை முதலில் பேசப்போவது நானில்லை என்று அவள் ஊசியை மறுபடியும் துணியில் ஏற்றினாள்.

முதலில் வந்து நின்றது பால் வேன். அதை ஓட்டுகிறவன் வாய் ஓயாதவன். ஐந்து நிமிடம் ஸ்டியரிங்கில் தாளம் போட்டான். பிறகு இறங்கி வந்து கேபின் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டான்.

"என்னக்கா, வண்டி எப்ப?"

"வரும்."

"எப்ப வரும்னு மாஸ்டரைக் கேளேன்."

அவள் நூலைப் பல்லால் கடித்தாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. ஊரில் புரியாதவர்கள் யாரும் இல்லை. அவன் வேனுக்குப் போய், பின்னால் வந்து நின்ற ஆட்டுக்காரரிடம் குசுகுசுவென்று ஏதோ சொன்னான். ஆட்டுக்காரர் ஆடுகளைச் சாலையோரம் மேயவிட்டு, அப்படியானால் நேரமாகும் என்று நிழல் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அந்தப் பக்கம் கத்திப் பெட்டியோடு சைக்கிளில் முடிதிருத்துகிறவர். அவருக்குப் பின்னால் டவுனிலிருந்து வரும் பஸ். பஸ் டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டு இன்ஜினை அணைத்தார். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் கேட்டைச் சுற்றி நின்று பேசத் தொடங்க, அந்த இடம் சந்தைபோலக் களைகட்டிவிட்டது. முடிதிருத்துகிறவர் காத்திருக்கும் நேரத்தை வீணாக்காமல் ஒரு ஆளைக் கல்லில் உட்காரவைத்துத் தலையைப் பிடித்துவிட்டார்.

நாற்பது நிமிடம் ஆனபோது பள்ளிக்கூட வேன் வந்தது. மகள் இறங்கி, கேட் கம்பிக்கு அடியில் குனிந்து, நேரே கேபினுக்கு வந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். டெலிபோனைப் பார்த்தாள். நான் வேணா பேசட்டுமா என்று கேட்டாள். போய்ச் சாப்பிடு என்று சொல்லி அவளை வீட்டுக்குள் அனுப்பினாள்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத," என்றான் பால்காரன் மறுபடியும் ஜன்னலுக்கு வந்து. "நீ காலைல வண்டியில ஏத்தினப்ப இது பால். இப்பவும் பால்தான். இன்னும் கால் மணி நேரம் போனா, நான் டவுன்ல போயி தயிர்க்காரன்னுதான் சொல்லிக்கணும்."

"நான் எங்க ஏத்தினேன்? நீதான் ஏத்தின."

"சரி, பாலை நான்தான் ஏத்தினேன். நீ கேட்டை ஏத்தி விடு."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு உதட்டு வரைக்கும் வந்தது. தப்பு என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டி ஒன்று இந்தக் கூட்டத்தில் நின்றிருந்தால் என்ன செய்திருப்பாள்? அந்த நினைப்பு வந்ததும் கையில் இருந்த கொடியைக் கீழே வைத்தாள். டெலிபோனை நோக்கி எழுந்தேவிட்டாள். சரியாக அந்த நேரத்தில்தான், பஸ்ஸுக்குப் பின்னால் நின்ற ஜீப்பிலிருந்து இறங்கி ஒருவர் வந்தார். வெயிலில் சிவந்த முகம். கக்கத்தில் சுருட்டிய தாள். வெளியூர்க்காரர். பாலம் கட்டுகிற கம்பெனியின் இன்ஜினியர் என்று பிறகு தெரிந்தது.

நல்ல மனிதர்தான். கோபப்படவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னார்.

"விடும்மா. இன்னும் ஆறு மாசந்தான். அப்புறம் யாரும் இங்க நிக்கப் போறதில்ல. உனக்கும் இந்தத் தலைவலி இல்ல."

"ஏன், ஆறு மாசத்துல என்ன?"

அவர் தாளை ஜீப்பின் முன்பக்கத்தில் விரித்தார். நான்கு மூலைக்கும் நான்கு ஜல்லிக்கல் வைத்தார். நீலக் கோடுகள். தண்டவாளம் அவளுக்கு உடனே அடையாளம் தெரிந்தது, அந்த வளைவை எங்கே பார்த்தாலும் தெரியும். சாலை வந்து, தண்டவாளத்துக்குப் பக்கத்தில் சரிந்து, அதற்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் ஏறியது. கேட்டே இல்லை. கேட்டுக்குப் பின்னால் வீடு இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக ஏதோ போட்டிருந்தது. அவள் அதன் மேல் விரலை வைத்தாள்.

"இது மண் சரியாம இருக்கத் தடுப்புச் சுவர். மழைத்தண்ணி போக வாய்க்கால். ஏன், உனக்குத் தெரியாதா? மாஸ்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டுட்டாரே."

மூலையில் அந்தக் கையெழுத்து இருந்தது. கீழே தேதி. சட்டைப் பையில் கிடைத்த மனுவின் தேதி அவளுக்கு மனப்பாடம். இது அதற்கு நான்கு நாள் முந்தியது.

அவள் அந்த இடத்திலேயே நின்றாள். காற்று தாளின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஆக, பள்ளிக்கூடம் காரணம் இல்லை. கேட் போகப்போகிறது என்று தெரிந்த நான்காம் நாள் அவர் உட்கார்ந்து அந்த மனுவை எழுதியிருக்கிறார். கேட் போனால் கேட் கீப்பரை எங்கே தூக்கிப் போடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆறாம் கேட் போனபோது அங்கே வேலை பார்த்த அண்ணனை முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் தூக்கிப் போட்டார்கள். அவர் குடும்பம் இன்னும் இங்கே, அவர் அங்கே. அது நடப்பதற்குள் இருவரும் ஒரே இடம் கேட்டு முந்திக்கொண்டால் உண்டு.

திரும்பிப் பார்த்தாள். பால்காரன் குனிந்து தன் வேன் டயரை ஆராய்ந்துகொண்டிருந்தான். முடிதிருத்துகிறவர் கத்தரியை நிறுத்திவிட்டார். ஆட்டுக்காரர் ஆடுகளை எண்ணத் தொடங்கினார்.

"எல்லாருக்கும் தெரியுமா?" என்று கேட்டாள்.

பால்காரன்தான் டயரைப் பார்த்தபடியே சொன்னான்.

"உங்கிட்ட யாரும் வாயத் திறக்கக் கூடாதுன்னு மாஸ்டர் சொன்னாருக்கா. நீ பொறந்த வீடாச்சே, நானே நேரம் பார்த்துச் சொல்றேன்னாரு. ரெண்டு மாசமா நேரம் பார்த்துக்கிட்டே இருக்காரு."

ஒரு வீட்டில் நோயாளியிடம் நோயை மறைப்பதுபோல, ஒரு ஊரே சேர்ந்து தன்னிடம் மறைத்திருக்கிறது. கோபம் போகவில்லை. ஆனால் இவ்வளவு நாளும் அது நின்றிருந்த இடத்தில் இப்போது நிற்கவில்லை, வேறெங்கோ போய் நின்றது. அவள் கேபினுக்குள் போனாள். கைப்பிடியைச் சுற்றினாள். கூட்டம் ஜன்னல் பக்கம் நகர்ந்து வந்தது. சத்தமில்லாமல்தான் வந்தது, ஆடுகளைத் தவிர.

"ஸ்டேஷன்," என்றார் மாஸ்டர்.

"கூட்ஸ் எங்க?"

"முந்தின ஸ்டேஷன்லயே நிக்குது. பிரேக் குழாய் வெடிச்சிருச்சு. கிளம்பவேயில்ல."

"எப்பத் தெரியும்?"

"மூணு பதினஞ்சுக்கு."

"ஏன் சொல்லல?"

"நீ கேப்பேன்னு இருந்தேன். அஞ்சு நிமிஷம் பார்ப்போம்னு இருந்தேன். அதுக்குள்ள கன்ட்ரோல் ஆபீஸ்காரன் போன்ல பிடிச்சுக்கிட்டான். வச்சுட்டுப் பார்த்தா இருபது நிமிஷம். அப்புறம் கூப்பிட வெக்கமாயிருச்சு. நேரம் போகப் போக இன்னும் வெக்கமாயிருச்சு."

கம்பியில் இருமல் ஒன்று வந்தது.

"எட்டாம் கேட் அண்ணே, ரிசீவரை வைங்க," என்றாள்.

"வச்சுட்டேம்மா," என்றது எட்டாம் கேட்.

ஜன்னலில் யாரோ சிரிப்பை விழுங்கினார்கள். அவள் விழுங்க வேண்டியிருந்தது வேறு. விழுங்கிவிட்டுச் சொன்னாள்.

"இன்ஜினியர் வந்திருக்காரு. படத்தைப் பார்த்தேன். சுவரையும் பார்த்தேன். உங்க கையெழுத்தையும் பார்த்தேன்."

ஸ்டேஷனில் நாற்காலி ஒன்று இழுபடும் சத்தம் கம்பியில் வந்தது.

"பாலம் வருதுன்னு கடிதம் வந்த அன்னைக்கே சொல்ல வந்தேன்," என்றார் மாஸ்டர். "டியூட்டி நடுவுல சைக்கிளை எடுத்துட்டு வந்தேன். நீ வாசல்ல உக்காந்து பாப்பாவுக்குத் தலை வாரிக்கிட்டிருந்த. ரெண்டு பேரும் எதுக்கோ சிரிச்சிக்கிட்டிருந்தீங்க. வளைவுலயே திரும்பிட்டேன். மறுநாள் சொல்லலாம்னு. அப்புறம் அதுக்கு மறுநாள்."

"எங்கப்பா செத்ததை எங்கிட்ட யாரு சொன்னா தெரியுமா?"

"தெரியாது."

"யாரும் சொல்லல. அவரு மூச்சு நின்னப்ப நான் கூட இருந்தேன். அன்னைக்கே மூணு தடவை கேட்டை மூடித் திறந்தேன். என்னால தாங்க முடியாதுன்னு நீங்க எப்படி முடிவு பண்ணுனீங்க?"

"தப்புதான்."

"கேட்டை எடுக்கறது தப்பில்ல. பாலம் வந்தா நல்லதுதான், ஆஸ்பத்திரி வண்டி நிக்காம போகும். ஆனா என் வேலைய, என் பேரை, நான் இல்லாம ஒரு தாள்ல எழுதிட்டீங்க. அதைத்தான் என்னால ஜீரணிக்க முடியல."

"நாளைக்கே மனுவைத் திரும்ப வாங்கிடறேன். ஆனா வாங்கிட்டா உன்னை எங்க போடுவாங்களோ."

"ஸ்டேஷன்ல பாயிண்ட்ஸ்மேன் இடம் ஒண்ணு ஒரு வருஷமா காலியாத்தானே கிடக்கு?"

வண்டிக்குத் தகுந்தபடி தண்டவாளத்தைத் திருப்பிவிடுகிற அந்த வேலை மாஸ்டரின் நினைவுக்கு எட்டவேயில்லை. கூடவே வேலை பார்க்கிறவர், காலி இடத்தைத் தினமும் கண்ணால் பார்க்கிறவர், ஆள் இல்லை ஆள் இல்லை என்று மாதாமாதம் மேலே எழுதுகிறவர்.

"அதுக்கு டிரெய்னிங் போகணும். பரீட்சை எழுதணும். பாயிண்ட்ஸ்ல இதுவரைக்கும் பொம்பளைங்க..."

"கேட்டுல மட்டும் எனக்கு முன்னாடி பொம்பளைங்க இருந்தாங்களா?"

"இல்ல," என்றது எட்டாம் கேட்.

இந்தத் தடவை சிரிப்பை யாரும் விழுங்கவில்லை. மாஸ்டரே சிரித்துவிட்டார். அவர் சிரித்து ஒன்பது நாள் ஆயிற்று என்று அவளுக்குத் தோன்றியது. அவருக்கும் அதேதான் தோன்றியிருக்க வேண்டும், சட்டென்று குரலை இறுக்கிக்கொண்டு வேலைக்கு வந்தார். கூட்ஸ் ரத்து. கேட்டைத் திறக்கலாம். அவர் தன் தாளிலிருந்து ஒரு எண் கொடுத்தார். அவள் எழுதிக்கொண்டாள். மணி நான்கு.

சக்கரத்தைச் சுற்றும்போது இன்ஜினியர் தாளைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து, தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று வருத்தப்பட்டார். தெரிந்தவர்கள் சொல்லவில்லையே என்றாள் அவள். கைகள் மேலே போயின. பஸ் கிளம்பியது, ஆடுகள் கிளம்பின, பாதி வெட்டிய தலையோடு ஒருவர் சைக்கிளுக்குப் பின்னால் ஓடினார். பால்காரன் கடைசியாக வேனை நகர்த்தும்போது தலையை வெளியே நீட்டி, பாயிண்ட்ஸ்மேனக்கான்னு கூப்பிட வாயில நுழையாதே என்றான். நீ பாலைப் பாரு என்றாள்.

ஐம்பத்திரண்டு நிமிடம் கேட் மூடிக் கிடந்ததற்கு மேலே பதில் சொல்லியாக வேண்டும். அது தனிக் கதை. அவர் முழுக்கத் தன் தவறு என்று எழுதினார். அவளும் முழுக்கத் தன் தவறு என்று எழுதினாள். இரண்டையும் படித்த அதிகாரி யாருக்கு எச்சரிக்கை கொடுப்பது என்று தெரியாமல் இரண்டு பேருக்கும் ஒரே கடிதத்தில் கொடுத்தார். ஆனால் அதெல்லாம் பின்னால்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு ராத்திரி வேலைக்காரரிடம் கொடியையும் விளக்கையும் தாளையும் ஒப்படைத்துவிட்டு அவள் வீட்டுக்குள் வந்தபோது மாஸ்டர் வந்திருந்தார். உருளைக்கிழங்கைச் சூடு பண்ணிவைத்திருந்தார், கொஞ்சம் அடிபிடித்திருந்தது. மகள் அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருங்க, நான் விளையாடப் போறேன் என்று வெளியே ஓடிவிட்டாள். அவர்கள் பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. முதலில் அவள் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். பின்சுவரில், அப்பா பென்சிலால் கோடு போட்டு அவளுடைய உயரத்தை எழுதிவைத்த இடத்தை வெள்ளையடிக்கும்போதெல்லாம் விட்டுவிடுவார்கள். அதற்கு முன்னால் கொஞ்சம் நின்றாள். அவர் கதவோரம் வந்து நின்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்வரை கூப்பிடவில்லை.

பிறகு அவள் தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தாள். காலி இடத்தைத் தனக்குத் தரும்படி மனு. அவர் உதவ வந்தார், வேண்டாம் என்றாள். எத்தனை வருடச் சர்வீஸ், என்ன வேலை தெரியும், கொடி, விளக்கு, பூட்டு, பதிவுப் புத்தகம், எந்த விபத்தும் இல்லை என்று அவளே எழுதினாள். ஒரு பக்கம் முழுக்க வந்தது. அடியில் கொஞ்ச நேரம் யோசித்து ஒரு வரி சேர்த்தாள். கையெழுத்துப் போட்டு அவரிடம் நீட்டினாள். ஸ்டேஷன் மாஸ்டரின் சிபாரிசுக் கையெழுத்து இல்லாமல் மேலே போகாது.

அவர் இருந்த நிம்மதியில் பேனாவை வாங்கிக் கீழே கையெழுத்துப் போடப் போனார். அவள் தாளின் மேல் கையை வைத்து மறைத்தாள்.

"படிச்சிட்டுப் போடுங்க."

அவர் படித்தார். மாஸ்டர்கள் படிப்பதுபோல ஒவ்வொரு வரியாக, விரலை வைத்துக்கொண்டு. கடைசி வரியில் விரல் நின்றது. மேற்படி இடம் எனக்குக் கிடைக்காத பட்சத்தில், என் கணவர் வேலை செய்யும் ஊர் எந்த ஊரானாலும் அங்கே வர எனக்குச் சம்மதம் என்று இருந்தது.

அவர் அந்த வரியை மறுபடியும் படித்தார். பேசியபோது அலுவலகத்தில் பேசுகிற குரல்தான் வந்தது, அதற்குப் பின்னால்தான் ஒளிந்துகொள்ள முடிந்தது போலிருக்கிறது.

"இந்தக் கடைசி வரிய எடுத்துடணும்."

"ஏன்?"

"இது இருந்தா இங்க குடுக்க மாட்டாங்க. எங்க வேணாலும் வரச் சம்மதம்னு அந்தம்மாவே எழுதியிருக்காங்களேன்னு இதை மட்டும் பிடிச்சுக்குவாங்க. மேல இருக்கற எதையும் படிக்க மாட்டாங்க."

அவள் பேனாவை வாங்கினாள். வரியின் மேல் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"நீங்க படிச்சிட்டீங்கல்ல?"

"படிச்சேன்."

"அப்ப சரி," என்று சொல்லி, அந்த வரியை ஒரு எழுத்துகூடத் தெரியாதபடி அடித்தாள்.